டேப்பா, ஸ்பேஸா? 7 பேர் கை வைக்கிற ப்ரோகிராம் கோடுக்கு எந்த விதி வைக்கிறது, எப்படி மாத்துறது?

காசிமேடு_கணக்கு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. காசிமேடு துறைமுகத்துப் படகுக் கணக்குக்கான ஒரு மென்பொருளை ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கிற 7 பேர் சேர்ந்து பார்த்துக்கறோம். ஐஸ், டீசல், ஏலத்தொகை, ஆள் பங்கு எல்லாம் அதுலதான் ஓடுது. பைத்தான் ஃபைல் 90 இருக்கு. தராசுல இருந்து எடையைப் படிக்கிற சி ஃபைல் 6. அதைக் கட்ட ஒரு மேக்ஃபைல், சர்வருக்கு யாமல் ஃபைல்கள், பேக்கப்புக்கு நாலஞ்சு ஷெல் ஸ்கிரிப்ட், முன்பக்கத்துக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட்.

வரித்தொடக்கத்துல விடற இடைவெளில (இண்டென்ட்) டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடக்கு. சில ஃபைல் முழுக்க டேப், சிலது 4 ஸ்பேஸ், சிலதுல ஒரே ஃபங்ஷனுக்குள்ளயே ரெண்டும். விளைவு என்னன்னா, 3 வரி மாத்தின ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறது) 412 வரி மாத்தின மாதிரி டிஃப் (வித்தியாசப் பட்டியல்) காட்டுது. அதை யாரும் ஒழுங்கா ரிவ்யூ பண்ண முடியாது. இன்னொரு பக்கம், ஒருத்தர் கம்ப்யூட்டர்ல வரிகள் நேரா தெரியுது, ஓட்டினா பைத்தான் டேப்எரர் அடிக்குது.

எது வைக்கலாம், டேப்பா ஸ்பேஸா? எல்லா ஃபைலையும் ஒரே நாள்ல மாத்தலாமா, தொடுற ஃபைலை மட்டும் அப்பப்ப மாத்திக்கிட்டு வரலாமா? மாத்தினா கிட் ப்ளேம்ல (எந்த வரியை யார் கடைசியா மாத்தினாங்கன்னு காட்டறது) எல்லா வரிக்கும் மாத்தினவர் பேர் வந்துடுமே, அதுக்கு வழி உண்டா? இப்ப 4 ப்ராஞ்ச் (தனியா நடக்கிற வேலைக் கிளை) மெர்ஜ் ஆகாம திறந்திருக்கு, அதையும் யோசிக்கணும்.

கல்மண்டபம் எழுதியது:

ப்ராஜெக்ட் முழுவதற்கும் ஒரே விதி என்று தேடாதீர்கள். விதி ஃபைல் வகைக்குத்தான். பாதி இடங்களில் தேர்வு உங்கள் கையிலேயே இல்லை. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். யாமல் இண்டென்ட்டுக்கு டேப்பை ஏற்காது. பைத்தானுக்கு 2001-இல் வந்த பெப் 8 என்ற நடைவழிகாட்டி சொல்வது 4 ஸ்பேஸ்; ஏற்கெனவே முழுக்க டேப்பில் இருக்கும் கோடுக்கு மட்டும் டேப்பைத் தொடரலாம் என்கிறது. உங்களுடையது கலந்து கிடப்பதால் 4 ஸ்பேஸே சரி. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ப்ரெட்டியர் ஃபார்மேட்டர் (கோடை ஒழுங்குபடுத்தும் கருவி) தானாக வைக்கும் 2 ஸ்பேஸை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. சி ஃபைல் ஆறில் எது அதிகமோ அதுவே விதி. லினக்ஸ் கெர்னல் 8 அகல டேப் வைத்திருக்கிறது, கோ மொழியின் ஃபார்மேட்டரும் டேப்தான் போடும். அதனால் டேப் என்றாலே பழசு என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

கண்ணுக்கு நேராகத் தெரிந்தும் டேப்எரர் ஏன் வருகிறது என்று குழுவில் எல்லோருக்கும் ஒரு தடவை விளங்கிவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். பைத்தான் 3 ஒவ்வொரு வரியின் இண்டென்ட்டையும் இரண்டு முறை அளக்கிறது. முதல் முறை, டேப் வந்தால் அடுத்த 8-இன் மடங்குக்குத் தாவுவதாக வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை, ஒரு டேப் என்றால் 1 என்றே எண்ணுகிறது. ஒரு ஃபார் லூப்புக்குள் முதல் வரி 4 ஸ்பேஸ், அடுத்த வரி 1 டேப் என்று இருக்கட்டும். டேப் அகலத்தை 4 என்று வைத்திருக்கும் எடிட்டரில் இரண்டும் ஒரே நேர்கோடு. பைத்தானுக்கோ முதல் வரி இரண்டு அளவிலும் 4. இரண்டாம் வரி ஓர் அளவில் 8, மற்றதில் 1. ஒரு கணக்குப்படி வரி உள்ளே போகிறது, இன்னொரு கணக்குப்படி வெளியே வருகிறது. கணக்கு முரண்பட்டதும் நின்றுவிடுகிறது. அது நல்லதுதான். பைத்தான் 2-இல் எச்சரிக்கை கேட்டு வாங்கினால் ஒழிய, டேப்பை 8 என்று வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கில் பொருந்தினால் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து சி ஃபைல்களில் இருக்கிறது. அங்கே இண்டென்ட்டுக்குப் பொருளே இல்லை, கண்தான் ஏமாறும். அடைப்புக்குறி போடாத ஓர் இஃப், அதன் கீழே 2 வரி. முதல் வரி மட்டும்தான் இஃப்புக்குள். இரண்டாவது, எடை 0 ஆக இருந்தாலும் ஓடும். 2014-இல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில் வெளியான ஓட்டை இதே வடிவம்: ஒரே கோட்டூ (வேறிடத்துக்குத் தாவும்) வரி இரண்டு தடவை, ஒரே இண்டென்ட்டில். ஜிசிசி கம்பைலரில் 6-ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு, 'வால்' ஆப்ஷன் போட்டாலே வந்துவிடும். ஆனால் அது டேப்பை 8 அகலமாக எடுத்துக்கொண்டுதான் வரிகளை ஒப்பிடும். டேப்பை 4 என்று நினைத்து ஸ்பேஸோடு கலந்து எழுதிய ஃபைலில் வர வேண்டிய எச்சரிக்கை வராமல் போகலாம், வரக் கூடாத இடத்தில் வந்தும் நிற்கலாம். கலப்படத்தை எடுத்த பிறகுதான் அந்த எச்சரிக்கையை நம்ப முடியும்.

அடுத்து எடிட்டர்கான்ஃபிக், எல்லோர் எடிட்டருக்கும் ஒரே இண்டென்ட் விதியைச் சொல்லும் ஃபைல். ரெப்பாசிட்டரியின் (கோடு முழுவதும் இருக்கும் கிட் களஞ்சியம்) மேல் மட்டத்தில் ஒரே ஃபைல். தலையில் ரூட் என்பதை ட்ரூ ஆக்குங்கள், இல்லையென்றால் மேலே உள்ள ஃபோல்டர்களிலும் போய்த் தேடும். எல்லா ஃபைலுக்குமான பகுதியில் யூடிஎஃப்-8, எல்எஃப் வரிமுடிவு, கடைசியில் ஒரு புதுவரி, வரிக்கடை ஸ்பேஸை வெட்டுதல். அதன் கீழே பைத்தானுக்கு ஸ்பேஸ் 4, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் யாமலுக்கும் ஸ்பேஸ் 2, மேக்ஃபைலுக்கு டேப். மார்க்டவுனுக்கு மட்டும் வரிக்கடை வெட்டுதலை நிறுத்துங்கள். அங்கே வரிக்கடையில் 2 ஸ்பேஸ் என்றால் வரியை உடை என்று பொருள். விஎஸ் கோடில் இதற்கு எக்ஸ்டென்ஷன் தனியாகப் போட வேண்டும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களிலும் நியோவிம் 0.9 முதலும் உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் இல்லாத விஎஸ் கோட், திறந்த ஃபைலைப் பார்த்துத் தானே இண்டென்ட்டை ஊகிக்கும். கலந்த ஃபைலில் அந்த ஊகம் தவறும். உங்கள் கலப்படம் வளர்ந்துகொண்டே போவதற்கு அது ஒரு பெரிய காரணமாக இருக்கும்.

எடிட்டர்கான்ஃபிக் இனி அடிக்கும் வரிகளுக்கு வழிகாட்டும். இருக்கும் 90 ஃபைலை அது மாற்றித் தராது.

மூலக்கொத்தளம் எழுதியது:

கல்மண்டபம் சொன்னதோடு உடன்படுகிறேன். மாற்றும் வேலையைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், கைசுடுவது அங்கேதான்.

தொடுற ஃபைலை மட்டும் அப்பப்ப மாற்றுவது வேண்டாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மெர்ஜ் ரிக்வெஸ்ட்டும் இப்போது புகார் சொல்லும் அந்த 412 வரி டிஃப்பாகவே வரும், அதுவும் மாதக்கணக்கில். ஒரே நாள், ஒரே கமிட் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்), அந்தக் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லை. கையோடு ப்ளாக் ஃபார்மேட்டரையும் ஓட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். ஓட்டலாம், ஆனால் தனிக் கமிட்டாக. அது மேற்கோள்குறியையும் வரி உடைப்பையும் சேர்த்து மாற்றும், இரண்டும் கலந்தால் சரிபார்க்க வழியிருக்காது.

எந்த நாள் என்பதை நீங்கள்தான் குறிக்க வேண்டும். ஞாயிறு வேண்டவே வேண்டாம், காசிமேட்டில் அன்றுதான் கூட்டம், ஏலக் கணக்கு நின்றால் தாங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மென்பொருளில் பதிவு குறைந்திருக்கும் அந்தக் காலத்தில் வையுங்கள்.

கருவி சாதாரண எக்ஸ்பாண்ட் போதும், லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும். 'ஐ' ஆப்ஷன் கட்டாயம் வேண்டும். அது வரியின் தொடக்கத்தில் இருக்கும் டேப்பை மட்டும் மாற்றும். அதை விட்டால் வரி நடுவே மேற்கோளுக்குள் இருக்கும் டேப்பும் ஸ்பேஸாகிவிடும். 'டி 4' என்பது அகலம். எழுதியவர் எந்த அகலத்தில் பார்த்து எழுதினாரோ அதைத்தான் கொடுக்க வேண்டும். கலந்த ஃபைலை கேட் கட்டளையில் பெரிய ஏ ஆப்ஷனோடு திறந்தால் ஒவ்வொரு டேப்பும் தொப்பிக்குறியும் ஐயுமாகத் தெரியும். 1 டேப் வரியும் 8 ஸ்பேஸ் வரியும் ஒரே பிளாக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த ஃபைலின் அகலம் 8. 1 டேப்பும் 4 ஸ்பேஸும் ஜோடியாக இருந்தால் 4. பைத்தான் ஃபைல் இன்றுவரை எரர் இல்லாமல் ஓடுகிறது என்றால் எந்த அகலம் கொடுத்தாலும் பிளாக் அமைப்பு மாறாது, வரி அழகுதான் மாறும். டேப்எரர் வரும் ஃபைலைக் கருவியிடம் கொடுக்காதீர்கள். எந்த வரி எந்த பிளாக்குக்குள் என்று எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்துங்கள்.

எக்ஸ்பாண்ட் விடையைத் திரையில்தான் கொட்டும். அதே ஃபைலுக்குள் திருப்பிவிட்டால் ஷெல் முதலில் ஃபைலைக் காலி செய்துவிடும், கையில் 0 பைட் மிஞ்சும். தற்காலிக ஃபைலுக்கு எழுதி, பிறகு அதன் உள்ளடக்கத்தை கேட் மூலம் பழைய ஃபைலுக்குள் கொட்டுங்கள். எம்வி போட்டு மாற்றினால் ஷெல் ஸ்கிரிப்ட்டின் ஓட்டும் அனுமதி போய்விடும். இரவு பேக்கப் ஓடாமல் போய் மறுநாள் காலையில்தான் அது தெரியும்.

மாற்றக் கூடாதவை: மேக்ஃபைல், டேப் பிரித்த தரவு ஃபைல்கள், டெஸ்ட்டுக்கு வைத்த மாதிரித் தரவு. ஷெல் ஸ்கிரிப்ட்டில் '<<-' இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே ஓர் உரையை எழுதி, ஒரு முடிவுச்சொல் வரை கட்டளைக்குக் கொடுக்கும் குறி அது. அந்த ஹைஃபன் வரித்தொடக்க டேப்பை மட்டுமே நீக்கும், ஸ்பேஸைத் தொடாது. ஸ்பேஸாக மாற்றினால் முடிவுச்சொல்லை ஷெல் அடையாளம் காணாது, அங்கிருந்து ஃபைல் கடைசி வரை எல்லாம் உரையாகிவிடும். மேக்ஃபைல் தவறி மாறிவிட்டால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நிற்கும். வரி 8 ஸ்பேஸில் தொடங்கினால் மட்டும் ஜிஎன்யூ மேக் 'டேப் போட நினைத்தீர்களா' என்று கூடவே கேட்கும். 4 ஸ்பேஸ் என்றால் அந்த உதவியும் கிடையாது.

சரிபார்ப்பது எப்படி? வெற்றிடத்தை ஒதுக்கும் 'டபிள்யூ' ஆப்ஷனோடு கிட் டிஃப் எடுத்தால் ஒரு வரிகூட வரக் கூடாது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், மேற்கோளுக்குள் மாறிய வெற்றிடத்தையும் அது ஒதுக்கிவிடும். பைத்தானில் ஏஎஸ்டி (கோடின் இலக்கண அமைப்பு மரம்) மாட்யூலின் டம்ப் வெளியீட்டை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால் மூன்று மேற்கோள் உரைக்குள் டேப் இருந்திருக்கும். சி ஃபைலை 'ஜி' ஆப்ஷன் இல்லாமல் முன்னும் பின்னும் கம்பைல் செய்து, இரண்டு ஆப்ஜெக்ட் ஃபைலையும் சிஎம்பி கட்டளையால் ஒப்பிட்டால் போதும். 'ஜி' இருந்தால் டீபக் தகவலில் நெடுவரிசை எண் மாறி வீண் பயம் காட்டும்.

காசிமேடு_கணக்கு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. 5 ஃபைல் எடுத்து ஒரு நகல்ல ஓட்டிப் பார்த்தாச்சு. ஒண்ணுல மட்டும் ஏஎஸ்டி மாறுது. ரசீது அச்சடிக்கிற மூணு மேற்கோள் உரை, உள்ள டேப் வச்சு எழுதியிருக்கு. இதை எப்படி விடறது? அப்புறம் ப்ளேம், திறந்திருக்கிற ப்ராஞ்ச் ரெண்டையும் யாராவது சொல்லுங்க.

மூலக்கொத்தளம் எழுதியது:

அச்சு இயந்திரத்துக்கு அந்த டேப் நெடுவரிசைக்காகத் தேவைப்படும். மாற்றும் நாளுக்கு முன்பே ஒரு சின்னக் கமிட்டில் அந்த டேப்புகளை பின்சாய்வுக்கோடு 'டி' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ரா ஸ்ட்ரிங்காக இருந்தால் மட்டும் அது வேலை செய்யாது, முன்னால் உள்ள 'ஆர்' எழுத்தை எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுப்பதற்கு முன், உரைக்குள் வேறு பின்சாய்வுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இரட்டிக்க வேண்டும்.

சுங்கச்சாவடி எழுதியது:

ப்ளேமுக்கு வழி 2019 ஆகஸ்ட்டில் வந்த கிட் 2.23-லேயே இருக்கு. ஒரு ஃபைல்ல, ப்ளேம் ஒதுக்க வேண்டிய கமிட்டோட ஹாஷை (அடையாள எண்) வரிக்கு ஒண்ணா எழுதணும், முழு 40 எழுத்தும் வேணும், சுருக்கின ஹாஷ் ஆகாது. '#' போட்டு மேல ஒரு வரி விளக்கம் எழுதலாம். பிறகு கிட் கான்ஃபிக்ல ப்ளேமுக்கான இக்னோர் ரெவ்ஸ் ஃபைல் எதுன்னு சொல்லணும். இந்த கான்ஃபிக் ரெப்பாசிட்டரியோட சேர்ந்து போகாது, 7 பேரும் அவங்கவங்க நகல்ல ஒரு தடவை போடணும். புள்ளியில தொடங்குற வழக்கமான 'கிட் ப்ளேம் இக்னோர் ரெவ்ஸ்' பேர்ல மேல் மட்டத்துல வச்சா கிட்ஹப் தானாவே படிச்சுக்கும்.

இதுல நிறைய பேர் தவறுற இடம் ஒண்ணு: மாத்தின கமிட்டோட ஹாஷை அதே மெர்ஜ் ரிக்வெஸ்ட்ல எழுதி வச்சுட்டு ஸ்குவாஷ் பண்ணி (எல்லாத்தையும் ஒரே கமிட்டாச் சுருக்கி) மெர்ஜ் பண்ணுவாங்க. ஸ்குவாஷ் ஆனா ஹாஷ் மாறிடும், ஃபைல்ல இருக்கிற ஹாஷுக்கு மெயின்ல (முதன்மைக் கிளை) கமிட்டே இருக்காது. முதல்ல மாத்தின கமிட் மெயினுக்குப் போகட்டும், அப்புறம் அடுத்த கமிட்ல ஹாஷை எழுதுங்க.

திறந்த 4 ப்ராஞ்ச்ல முடியறதை முன்னாடியே மெர்ஜ் பண்ணிடுங்க. மிச்சத்துக்கு இப்படிப் பண்ணுங்க. ப்ராஞ்சை மாத்தின கமிட்டுக்கு ஒரு படி முன்னாடி இருக்கிற கமிட் மேல ரீபேஸ் பண்ணுங்க (நகர்த்தி வைங்க). வழக்கமான கான்ஃப்ளிக்ட் இருந்தா அங்கயே தீர்த்துடலாம். அடுத்து அதே மாத்துற ஸ்கிரிப்ட்டை ப்ராஞ்ச்லயும் ஓட்டி கமிட். இப்ப மாத்தின கமிட்டை 'அவர்ஸ்' ஸ்ட்ராட்டஜில மெர்ஜ் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாற்றம் நடந்திருக்கிறதால நம்ம பக்கத்தை அப்படியே வச்சுக்கறதுல எதுவும் தொலையாது. அதுக்கப்புறம் மெயினை வழக்கம்போல இழுக்கலாம். ஒரு படி முன்னாடின்னு சொன்னதை மட்டும் தப்பாம பிடிங்க. ரெண்டு மூணு கமிட் முன்னாடி நின்னுட்டு 'அவர்ஸ்' போட்டா, நடுவுல இருந்தவங்க வேலை சத்தமில்லாம காணாமப் போயிடும். ஸ்கிரிப்ட்டையும் ரெப்பாசிட்டரிக்குள்ளயே வைங்க, எல்லாரும் ஒரே ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டணும்.

திரும்பக் கலக்காம இருக்க, கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல பைத்தானுக்கு 'டேப் இன் இண்டென்ட்' வெற்றிட விதியைப் போடுங்க. அது ரெப்பாசிட்டரியோட போகும். அப்புறம் சிஐல (சர்வர்ல தானா ஓடுற சோதனை) கிட் டிஃப்பை 'செக்' ஆப்ஷனோட மெயினுக்கு எதிரா ஓட்டுங்க, டேப் நுழைஞ்சா வரி எண்ணோட சொல்லி ஃபெயில் ஆகும். ப்ரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன்னாடி ஓடுற சோதனை) நல்லதுதான், ஆனா அது அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற காவல், போடாதவங்களைத் தடுக்காது. தடுக்க வேண்டிய இடம் சிஐ. இந்த விஷயத்துல ரிவ்யூல ஆள் ஆளைத் திருத்தற நிலை வரக் கூடாது. மெஷின் சொன்னா யாருக்கும் மனசு நோகாது.

கொடுங்கையூர்_40செல் எழுதியது:

இவ்வளவு பேசியதில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: குழுவில் யாராவது பிரெய்ல் திரையிலோ ஸ்கிரீன் ரீடரிலோ கோடு படிக்கிறார்களா? படித்தால் விதியை அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

பிரெய்ல் திரையில் பரவலான அளவு ஒரு வரிக்கு 40 செல். 4 ஸ்பேஸ் இண்டென்ட்டில் 4 மட்டம் உள்ளே போனால் 16 செல் வெற்றிடத்துக்கே போய்விடும், கோடுக்கு 24 மிச்சம். டேப் என்றால் ஒரு மட்டத்துக்கு ஒரு செல் என்று காட்ட முடியும், 36 செல் கோடுக்குக் கிடைக்கும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் படிப்பவருக்கும் இதே பிரச்சினை. டேப்பாக இருந்தால் தன் எடிட்டரில் அகலத்தை 2 என்று வைத்துக்கொள்வார், வேறு யாரையும் கேட்க வேண்டாம். ஸ்பேஸை அப்படிச் சுருக்க முடியாது. டேப்புக்காகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்கு இதுதான் கனமானது. ஃபைல் சிறிதாகும் என்பதெல்லாம் ஒன்றுமில்லை, கிட் எப்படியும் சுருக்கித்தான் வைக்கிறது.

அப்படி ஒருவர் இருந்து பைத்தானையும் டேப்பில் வைக்க முடிவு செய்தால், இண்டென்ட்டுக்கு டேப், வரிசை நேராக்க ஸ்பேஸ் என்ற விதியை விடாமல் பிடியுங்கள். சி-க்கு க்ளாங் ஃபார்மேட்டில் 'அலைன் வித் ஸ்பேசஸ்' என்ற அமைப்பு இதைச் செய்யும். எதிர்த்திசையில் ஸ்பேஸை டேப்பாக்க அன்எக்ஸ்பாண்ட் இருக்கிறது. அதில் 'டி 4' கொடுத்தாலே வரி நடுவில் உள்ள ஸ்பேஸையும் சேர்த்து மாற்றத் தொடங்கிவிடும், கூடவே 'ஃபர்ஸ்ட் ஒன்லி' ஆப்ஷன் கொடுத்தால்தான் தொடக்கத்தோடு நிற்கும். ப்ளாக் ஃபார்மேட்டருக்கு டேப் வைக்கும் அமைப்பே கிடையாது, அதை விட வேண்டியிருக்கும்.

எண்ணூர்_கழிமுகம் எழுதியது:

தமிழ்க் கமெண்ட் எழுதுறீங்கன்னா ஒரு விஷயம். வரியோட வலது பக்கத்துல கமெண்ட்டை நேர்கோட்டுல நிறுத்தற பழக்கத்தை விட்டுடுங்க. டேப் போட்டாலும் நிக்காது, ஸ்பேஸ் போட்டாலும் நிக்காது. 'சென்னை'ங்கிற சொல் நமக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 6 குறியீடு, யூடிஎஃப்-8-ல 18 பைட். திரையில எவ்வளவு அகலம்ங்கிறது ஃபாண்ட்டைப் பொறுத்தது, சம அகல ஃபாண்ட் வச்சாலும் தமிழ் எழுத்து ஒரு கட்டத்துக்குள்ள அடங்கறதில்ல. கமெண்ட்டை கோடுக்கு மேல தனி வரியில, அதே இண்டென்ட்ல எழுதுங்க. 79 எழுத்து வரம்பு வச்சிருந்தா, பைகோட்ஸ்டைல்ங்கிற சோதனைக் கருவி குறியீட்டைத்தான் எண்ணும். பாதி வரிதான் எழுதின மாதிரி இருக்கும், வரம்பு தாண்டினதா சொல்லும்.

இன்னொண்ணு, சாட்ல இருந்து கோடை ஒட்டும்போது வர்ற வெற்றிடம். 32-ஆம் எண் ஸ்பேஸ், 9-ஆம் எண் டேப், இது ரெண்டும் இல்லாம 160-ஆம் எண்ல உடையாத ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு. பார்க்க ஸ்பேஸ் மாதிரியேதான் இருக்கும். எக்ஸ்பாண்ட் அதைத் தொடாது, 'டேப் இன் இண்டென்ட்' சோதனையும் பிடிக்காது. புது பைத்தான் 'இன்வேலிட் நான்-பிரிண்டபிள் கேரக்டர்'னு சொல்லி நிக்கும். தமிழ் கீபோர்டுல அடிச்ச உரையோட அகலமே இல்லாத இணைப்புக் குறிகளும் சேர்ந்து வரும், அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மாத்துற நாளைக்கு முன்னாடி 90 ஃபைல்லயும் வரித்தொடக்கத்துல 9, 32 தவிர வேற வெற்றிடம் இருக்கான்னு ஒரு தடவை தேடிடுங்க. கேட் கட்டளையில பெரிய ஏ போட்டா இதுவும் வித்தியாசமாத் தெரியும்.

காசிமேடு_கணக்கு எழுதியது:

ஸ்கிரீன் ரீடர்ல படிக்கிறவர் எங்க குழுவுல இப்ப யாரும் இல்ல, இருந்தாலும் 7 பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் முடிவு. பைத்தான் 4 ஸ்பேஸ், சி ஃபைல் 6-ல 5 டேப்லயே இருக்கு, அதனால சி-க்கு டேப். வரித்தொடக்கத்தைத் தேடினதுல 160-ஆம் எண் 2 ஃபைல்ல இருந்தது, ரெண்டும் மூணு மேற்கோள் உரைக்குள்ள இருக்கிற வரி, அதனாலதான் எரர் வரல. ஷெல் ஸ்கிரிப்ட் ஒண்ணுல '<<-' இருக்கு. அதை மட்டும் எடிட்டர்கான்ஃபிக்ல தனிப் பகுதியா எழுதி டேப்லயே விட்டுடலாமா?

மூலக்கொத்தளம் எழுதியது:

விடலாம். ஆனால் ஒரு ஃபைலுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தால் அடுத்து அதைத் திறப்பவர் காரணம் தெரியாமல் ஸ்பேஸ் அடிப்பார். உரை நாலைந்து வரிதான் என்றால் '<<-' இல் உள்ள ஹைஃபனை எடுத்துவிட்டு, உரையையும் முடிவுச்சொல்லையும் வரியின் முதல் நெடுவரிசையிலிருந்தே எழுதுங்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் அங்கே டேப்புக்கும் ஸ்பேஸுக்கும் வேலையே இல்லை. இதையும் மாற்றும் நாளுக்கு முன்பே தனிக் கமிட்டாகப் போட்டு, ஓர் இரவு பேக்கப் ஓடியதைப் பார்த்துவிடுங்கள்.